வெப்பமானி நகராத நேரம்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



திண்மம், திரவம், வாயு என்று மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் புள்ளிகள் ஒட்டி உட்கார்ந்திருக்கும், இரண்டாவதில் கொஞ்சம் விலகியிருக்கும், மூன்றாவதில் சிதறிக் கிடக்கும். கட்டங்களுக்கு நடுவே உருகுதல், ஆவியாதல், குளிர்தல், உறைதல் என்று அம்புக்குறிகள். திண்மத்திலிருந்து வாயுவுக்கு நேராகப் பாயும் ஓர் அம்பின்மேல் பதங்கமாதல் என்று எழுதியிருக்கும். இந்தப் படத்தைக் கரும்பலகையில் ஒரு தடவையாவது வரையாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். மாணவர்களும் அப்படியே வரைகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அந்தப் படத்தோடு சண்டை போடத்தான் இந்த மடல்.

சின்னச் சண்டையை முதலில் முடித்துக்கொள்வோம். திரவம் என்பது திண்மத்துக்கும் வாயுவுக்கும் நட்டநடுவில் இருப்பதுபோல் அந்தப் படம் காட்டுகிறது. உண்மை அப்படியில்லை. பெரும்பாலான பொருள்கள் உருகும்போது பருமன் ஏதோ சில விழுக்காடு கூடும், அவ்வளவுதான். நீரோ தலைகீழ்: ஒரு கிலோ பனிக்கட்டி ஏறத்தாழ 1,090 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும், அது உருகினால் 1,000 மில்லிலிட்டர்தான். அதாவது, நீரின் புள்ளிகளைப் பனிக்கட்டியின் புள்ளிகளைவிட நெருக்கமாக வரைய வேண்டும். அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது, உறைபெட்டியில் நிரப்பி வைத்த கண்ணாடிப் புட்டி வெடிக்கிறது. வாயுவின் கதையே வேறு. ஒரு கிராம் நீர் 100 டிகிரியில் ஆவியானால் 1,670 மில்லிலிட்டர் ஆகிவிடும். நீளக் கணக்கில் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. சார்ட்டில் நீரின் புள்ளிகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வரைந்தீர்களென்றால், நீராவியின் அடுத்த புள்ளி பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் வர வேண்டும். பாதிப் புள்ளிகள் சார்ட்டுக்கு வெளியே சுவருக்குப் போய்விடும். போகட்டும். அதைப் பார்த்து ஒரு பிள்ளை சிரித்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

பெரிய சண்டை அந்த அம்புகளைப் பற்றியது. அம்பு போடுவது எளிது. அந்த அம்பைக் கடக்க எவ்வளவு வெப்பம் செலவாகிறது என்பது படத்தில் எங்கும் இல்லை. நிலைமாற்றத்தின் சாரமே அந்தச் செலவில்தான் இருக்கிறது. உள்ளுறை வெப்பம் என்ற பெயரில் அது பின்னொரு வகுப்பில், வேறொரு பாடத்தில், ஒரு வரையறையும் ஒரு கணக்குமாக வந்து போகிறது. அப்போது புள்ளிப் படம் மறந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு மாணவனுக்குக் கிடைப்பதேயில்லை.

ஆகவே ஒரு பாடவேளை கேட்கிறேன். ஒரு பாத்திரத்தில் உடைத்த பனிக்கட்டி, அதில் ஒரு வெப்பமானி, அடியில் சிறு சுடர், கிளற ஒரு கரண்டி. ஒரு மாணவி நிமிடத்துக்கு ஒரு முறை அளவைப் படித்துச் சொல்ல, இன்னொருவன் பலகையில் எழுத வேண்டும். 0. அடுத்த நிமிடமும் 0. அதற்கடுத்ததும் 0. கீழே சுடர் எரிந்துகொண்டிருக்கிறது, பாத்திரத்தில் பனிக்கட்டி குறைந்துகொண்டே வருகிறது, பாதரசக் கோடோ சிவப்புச் சாராயக் கோடோ அசைய மறுக்கிறது. நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "வெப்பமானி கெட்டுப்போச்சு சார்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும். கெடவில்லை என்பதை நீங்கள் சொல்லவும் வேண்டாம்; கடைசித் துண்டு கரைந்ததும் கோடு தானே ஏறத் தொடங்கும். பள்ளி வெப்பமானி 0 காட்டாமல் 1 காட்டினாலும் கவலையில்லை. எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட நிற்கிறது என்பதே இங்கே செய்தி.

கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போயிற்று? மாதச் சம்பளம் முழுதும் பழைய கடனை அடைக்கவே போகிறவர் கையில், கடன் தீரும்வரை ரொக்கம் கூடாது. தீர்ந்த மறுமாதத்திலிருந்துதான் கூடும். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் அக்கம்பக்கத்து நான்கு மூலக்கூறுகள் பிடித்துவைத்திருக்கின்றன. அந்தப் பிடிகளில் ஒரு பகுதியை அறுப்பதற்கே வெப்பம் தீர்ந்துவிடுகிறது. மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்ட மிச்சம் எதுவும் இருப்பதில்லை. வெப்பமானிக்குத் தெரிவது அந்த வேகம் மட்டும்தான். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி. ஒரு கிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 540 கலோரி. உருகும்போது பிடிகளில் கொஞ்சம்தான் அறுகின்றன, ஆவியாகும்போது அத்தனையும் அறுபட வேண்டும். அந்த வேறுபாடுதான் இந்த இரண்டு எண்களிலும் தெரிகிறது.

இதை முதலில் தெளிவாகப் பிடித்தவர் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்த ஆசிரியர், உங்கள் இனம். அவர் காலத்தில் எல்லோரும் நம்பியது இதுதான்: பனிக்கட்டி உருகும் வெப்பநிலைக்கு வந்துவிட்டால் போதும், இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் மொத்தமும் நீராகிவிடும். பிளாக் கேட்டார்: அப்படியானால் குளிர்காலம் முடிந்து முதல் வெயில் அடித்த அன்றே மலைப்பனி முழுவதும் ஒரேயடியாக உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே, ஏன் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உருகுகிறது? எல்லோர் கண்முன்னும் இருந்த பனியை வைத்தே கேட்ட கேள்வி. கருவிகூடத் தேவைப்படவில்லை.

பிறகுதான் அளந்தார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் உறைநிலையை ஒட்டிக் குளிரவைத்த அதே அளவு நீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வர பத்தரை மணி நேரம் ஆயிற்று. ஒரே கூடம், ஒரே காற்று. இரண்டு குடுவைகளுக்கும் ஒரே வேகத்தில்தான் வெப்பம் வந்திருக்கும். இருபத்தொரு அரை மணிகள், ஒவ்வொன்றுக்கும் 7 டிகிரி என்று பெருக்கி, உருகியபின் ஏறிய சில டிகிரிகளைக் கழித்தால் 140 ஃபாரன்ஹீட் டிகிரி வெப்பம் உருகுவதற்கே போயிருக்கிறது. நம் அலகில் ஏறத்தாழ 78. இன்றைய மதிப்பு 80. இரண்டு குடுவை, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஒரு நாள் பொறுமை, இவ்வளவுதான் முதலீடு. நம் பள்ளிகளில் இல்லாதது இவற்றில் கடைசி ஒன்றுதான் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் குறையல்ல, கால அட்டவணையின் குறை.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் ஒரு கட்டடமாகவே நிற்கிறது. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் வட்டமுகக் கட்டடம் 1842இல் ஐஸ் சேமிக்கும் கிடங்காகக் கட்டப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் போகவில்லை. அங்கே வைத்த ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளிலிருந்து. குளிர்காலத்தில் உறைந்த ஏரியைக் குதிரை பூட்டிய கலப்பை போன்ற கருவியால் கட்டம் கட்டமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர் தொடங்கிய தொழில். 1806இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்கு முதல் சரக்கை அனுப்பியபோது ஊரே சிரித்தது, நட்டமும் பட்டார், கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

1833 மே மாதம் அவருடைய ஐஸ் 'டஸ்கனி' என்ற கப்பலில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஏற்றியது 180 டன். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் ஹூக்ளி ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம் இருந்தது. குளிர்பதனப் பெட்டி கிடையாது, மின்சாரம் கிடையாது.

மாணவர்களை இங்கே கணக்குப் போடச் சொல்லுங்கள். வழியில் உருகியது 80 டன். அந்த 80 டன்னும் டன்னுக்கு 80 என்ற கணக்கில் வெப்பத்தை விழுங்கியிருக்கிறது. உள்ளுறை வெப்பம் என்ற ஒன்று இல்லாமலிருந்து, அதே வெப்பம் மொத்த 180 டன்னையும் சூடாக்கப் போயிருந்தால்? 80 பெருக்கல் 80, வகுத்தல் 180. ஏறத்தாழ 36. கல்கத்தாவில் இறங்கியிருக்கக்கூடியது 36 டிகிரி வெந்நீர். ஹூக்ளியிலேயே அதைவிடக் குளிர்ந்த நீர் கிடைத்திருக்கும், அதுவும் இலவசமாக. மரத்தூள் வெப்பம் உள்ளே வருவதை மெதுவாக்கியது. பெரிய கட்டிகளாக நெருக்கி அடுக்கியது காற்றுபடும் பரப்பைக் குறைத்தது. ஆனால் வந்த வெப்பத்தைச் சரக்கின் வெப்பநிலையை ஏற்றவிடாமல் தாங்கியது அந்த 80 கலோரிதான். ஒரு வணிகச் சாம்ராஜ்யமே பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தின் மேல் நின்றது.

சென்னைக்கு அப்போது துறைமுகமும் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும். அலை மோதும் கரைக்கு எல்லாமே மசூலாப் படகில்தான் வர வேண்டும். ஐஸ் என்ற சரக்கோடு அந்தப் படகில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யாராவது எழுதிவைத்திருக்கலாம். பின்னால் நீராவி இயந்திரத்தால் ஓடும் ஐஸ் ஆலைகள் வந்தன, கப்பல் ஐஸின் காலம் முடிந்தது. இன்று மீனவக் குப்பத்துப் பள்ளிகளில் உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் ஐஸ் ஆலையை நன்றாக அறிவார்கள். படகு கடலுக்குப் போகுமுன் ஐஸ் பார்களை அரைத்து அறையில் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த ஆலையில் அம்மோனியா திரவம் ஆவியாகிறது, ஆவியாக வேண்டிய வெப்பத்தை உப்புக் கரைசலிலிருந்து எடுக்கிறது, உப்புக் கரைசல் தகரப் பெட்டிகளில் இருக்கும் நீரிலிருந்து எடுக்கிறது, நீர் உறைகிறது. ஒன்று ஆவியாவதால்தான் இன்னொன்று உறைகிறது. புத்தகப் படத்தில் தனித்தனியாக நிற்கும் இரண்டு அம்புகள் இங்கே ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் பாடம் சொல்ல விடுங்கள், நீங்கள் கேளுங்கள்.

கடற்கரை இல்லாத ஊர்க்காரர்களுக்கு எலுமிச்சைச் சாறு போதும். 30 டிகிரியில் இருக்கும் 300 மில்லி நீரில், 0 டிகிரிக்குக் குளிரவைத்த 100 மில்லி நீரைக் கலந்தால் 22.5 டிகிரிக்கு வரும். 100 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் 2.5 டிகிரிக்கே இறங்கும் என்கிறது கணக்கு. பாத்திரமும் காற்றும் கொஞ்சம் வெப்பம் கொடுத்துவிடுவதால் நடைமுறையில் சற்று மேலே நிற்கும். இரண்டும் ஒரே 0 டிகிரிதான், ஒரே எடைதான். 20 டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை பதில் சொல்லாமல் இருங்கள்.

இனி 540க்கு வருவோம். ஆவி பட்ட புண் வெந்நீர் பட்ட புண்ணைவிட மோசம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மோசம் என்பது கணக்கில் வரும். 100 டிகிரி நீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடல் வெப்பநிலைக்கு இறங்கினால் 63 கலோரி தரும். அதே 100 டிகிரி ஆவி ஒரு கிராம் பட்டால் முதலில் நீராக மாறும்போது 540, பிறகு ஆறும்போது 63, மொத்தம் 603. ஏறத்தாழ பத்து மடங்கு. இட்லிப் பானையில் கொதிக்கும் நீர் மாவைத் தொடுவதில்லை. மாவின் மேல் ஆவி நீராகி, தன் 540ஐக் கொடுத்துவிட்டுப் போகிறது. கிளாஸ்கோவில் கருவி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட் இதைத்தான் வேறு வழியில் கண்டு திகைத்தார்: தன் எடையைப்போல ஆறு மடங்கு குளிர்ந்த நீரை ஆவி கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. பிளாக்கிடம் போய்க் கேட்டார், பதில் கிடைத்தது. ஆவியை உருளைக்குள்ளேயே குளிரவைத்து ஒவ்வொரு முறையும் உருளையை மறுபடி சூடாக்கும் வீண்செலவை நிறுத்த, தனியாக ஒரு குளிர்கலன் வைத்தார். தொழிற்புரட்சி என்று வரலாற்று ஆசிரியர் நடத்தும் பாடத்தில் பாதி இது.

இட்லிப் பானையை விட்டு நகருமுன் இரண்டு கேள்விகள். பானையிலிருந்து வெள்ளையாக எழுவது என்ன? நீராவி என்றுதான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலின் மூக்கு நுனிக்கும் வெண்புகைக்கும் நடுவே ஒன்றுமில்லாததுபோல் ஒரு சிறு இடைவெளி தெரியும், அங்கே இருப்பதுதான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது காற்றில் குளிர்ந்து மறுபடி நீரான நுண்துளிகள். அடுத்தது, கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன? காற்று என்று சிலர், ஆக்சிஜன் என்று சிலர். சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் பொடிக் குமிழிகள் கரைந்திருந்த காற்றுதான். தளதளவென்று கொதிக்கும்போது வரும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது நீராவி. நிலைமாற்றத்தை வரையறையாக ஒப்பித்த பிள்ளையும் இந்த இரண்டு கேள்வியில் தடுமாறுவது நடக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

ஆவியாதலும் கொதித்தலும் ஒன்றல்ல என்பதற்கு மொட்டைமாடித் துணியே சாட்சி. 100 டிகிரியில் யாரும் துணி காயப்போடுவதில்லை. மூலக்கூறுகளில் வேகமானவை முதலில் ஓடிவிடுகின்றன, மெதுவானவை தங்குகின்றன, அதனால் மிச்சமிருப்பது குளிர்கிறது. மண்பானை இதை வைத்துத்தான் பிழைக்கிறது. பத்து லிட்டர் பானையில் 100 மில்லி கசிந்து ஆவியானால், அந்த வெப்பம் பானை நீரிலிருந்தே எடுக்கப்பட்டதென்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதே பானை வேலூரில் நன்றாகவும் சென்னையில் சுமாராகவும் குளிர்வது ஏன் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, புதிதாக ஆவி போக இடம் குறைவு. ஆவியான நீர் வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் துளியாகும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலின் மேல் கோடிக்கணக்கான டன் ஆவி மேகமாக மாறும்போது கொடுக்கும் அந்த வெப்பம்தான் புயலுக்குத் தீனி.

சமையல் எரிவாயு சிலிண்டரைப் பாடத்துக்குள் கொண்டுவரச் சொல்வேன். 14.2 கிலோ, பெரும்பங்கு திரவமாக. புரோப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில், பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி. நம் ஊர் வெயிலில் இரண்டும் வாயுவாகத்தான் இருந்திருக்கும். அழுத்தம்தான் திரவமாக அடக்கி வைத்திருக்கிறது. திறந்தால் திரவம் கொதித்து வாயுவாகிறது. அடுப்பைத் திறந்தால் சிலிண்டருக்குள்ளும் கொதித்தல் நடக்கிறது என்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் பெரிய அடுப்புகள் மணிக்கணக்கில் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பகுதி வேர்த்து, சில சமயம் வெண்பனியே பிடித்துவிடும். ஆவியாகத் தேவையான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும் இரும்பிடமிருந்தும் எடுத்துக்கொள்வதால் வந்த குளிர் அது. ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்தால் திரவம் உள்ள மட்டம்வரை ஈரம் நிற்கும், மேலே சீக்கிரம் காய்ந்துவிடும்; எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் இந்த வித்தை வீட்டுப் பெண்கள் பலருக்கும் தெரியும். அதற்குள் இயற்பியல் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாயு சரியாக வரவில்லை என்று சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுவதும் அடியில் தீ காட்டுவதும் ஆபத்து என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சூடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டாகத் தட்டில் சூடம் கொளுத்துவது சில வகுப்புகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கொளுத்தினால் அது எரிதல். வெளிவரும் ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடுகிறது. தட்டில் படியும் கரியே அதற்குச் சான்று. திறந்துவைத்த சூடம் நாளடைவில் சிறுத்துப்போகிறதே, அதுதான் பதங்கமாதல். ஒரு கிண்ணத்தில் சூடத்தை இட்டு மேலே புனலைக் கவிழ்த்து, புனல் வாயைப் பஞ்சால் அடைத்து மெல்லச் சூடாக்கினால் புனலின் உட்புறத்தில் வெள்ளைப் பொடி படியும். அது மறுபடி சூடமேதான். எரிந்தது திரும்பி வராது, பதங்கமானது திரும்பி வரும். சூடத்தை அளவாக எடுங்கள், எளிதில் தீப்பிடிக்கும், சுடரைப் புனலுக்கு எட்டாமல் வையுங்கள்.

வாயுவிலிருந்து நேராகத் திண்மத்துக்கு வரும் எதிர் அம்புக்கு உதகையின் உறைபனியைச் சொல்லலாம். சமவெளிப் பிள்ளைகளுக்கு மாவட்ட மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் திரவ ஆக்சிஜன் தொட்டியைக் காட்டலாம். உள்ளே மைனஸ் 183 டிகிரி. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாகும். அதைச் சூடாக்க அடுப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் துடுப்புக் குழாய்களில் வெளிக்காற்றே ஆக்சிஜனைக் கொதிக்க வைக்கிறது, பதிலுக்குக் காற்றின் ஈரம் குழாயில் வெண்பனியாகப் படிகிறது. 2021 கொரோனா அலையில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், ராக்கெட் எஞ்சினுக்காகத் தயாரிக்கும் திரவ ஆக்சிஜனை மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. மூச்சுக்கும் ராக்கெட்டுக்கும் அதே திரவம்.

கடைசியாக 'அறை வெப்பநிலை' என்ற சொல்லைப் பற்றி. எந்த அறை? காலியம் என்ற உலோகம் உள்ளங்கையில் வைத்தால் உருகும் என்று வியந்து எழுதுகின்றன குளிர்நாட்டுப் புத்தகங்கள். அதன் உருகுநிலை 29.8 டிகிரி. மே மாதத்துத் திருச்சியில் அது புட்டிக்குள்ளேயே திரவமாகத்தான் கிடக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். அது மார்கழியில் திண்மம், சித்திரையில் திரவம். பள்ளிக் கணினி ஆய்வக வாசலில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைப் பாருங்கள். வெப்பநிலை 31 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அதற்குள் அடியில் திரவமும் அதன்மேல் வாயுவும் இருக்கும். வெப்பநிலை அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் என்று தனியாக ஒன்று கிடையாது, இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடே இல்லை. பெல்ஃபாஸ்ட்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் இதை விளக்கினார். மூன்று கட்டப் படத்தில் அடைக்க முடியாத ஒரு பொருள் கோடை முழுவதும் உங்கள் தாழ்வாரத்திலேயே தொங்குகிறது. ஒரு பொருள் திண்மமா திரவமா என்று கேட்பதைவிட, எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று கேட்கப் பழக்குவதே சரி.

கேள்வித்தாள் எடுப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். 'உருகுநிலை வரையறு' என்பதற்குப் பதிலாக, நிமிடத்துக்கு நிமிடம் எடுத்த பத்துப் பன்னிரண்டு அளவுகளைக் கொடுத்து, எந்த நிமிடத்தில் பனிக்கட்டி தீர்ந்தது, எப்படித் தெரிந்தது என்று ஒரு கேள்வி வையுங்கள். செய்து பார்த்த பிள்ளை எழுதிவிடும், ஒப்பித்த பிள்ளை விழிக்கும். நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதையும் அளக்கச் சொல்லுங்கள், ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். காற்றழுத்தம் குறைந்த உதகையில் அது 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக நெடுநேரம் ஆவதும் அதனால்தான். உதகைப் பள்ளி மாணவி ஒருத்தி தன் அளவேட்டில் 93 என்று எழுதி வந்தால், அதை அடித்துவிட்டு 100 என்று திருத்தாதீர்கள். அவளுக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.